வெற்றுப் பக்கம் நீக்கப்பட்டது

அத்தியாயம் 17

போன வாரம் அப்பா கேட்ட கேள்வி இன்னும் சாப்பாட்டு மேஜை மேலேயே கிடந்தது.

"அந்த வருஷத்துப் பெட்டி வந்துருச்சாம்மா?"

கேட்டது ஒரே ஒரு தடவைதான். ஆனால் அதற்கப்புறம் ஆறு நாளாக, மகள்களில் பெரியவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்தி அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் இல்லையென்று தலையாட்டுவாள். செய்தித்தாள் மறுபடி மேலே போகும். இருபத்தாறு வருடமாக வாயைத் திறக்காத மனிதர் திடீரென்று திறந்தால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை இங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அப்பா ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். ஒருநாள் காலையில் ஒரு நோயாளிக்கு ஒரு குப்பி போட வேண்டிய ஊசியை இரண்டு குப்பியாகப் போட்டார். நோயாளி பிழைத்துக்கொண்டார், ஆனால் இரண்டு காதும் போய்விட்டது. "டாக்டர் போன்ல அளவைக் கூட்டச் சொன்னார், மருந்துத் தாளோட பின்பக்கம் எழுதி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. நான் போனே செய்யவில்லை என்றார் டாக்டர். விசாரணை மேஜைக்கு வந்ததோ ஜெராக்ஸ் பிரதி, அதுவும் முன்பக்கம் மட்டும். ஒரிஜினல் ஃபைலைக் கேட்டபோது ஆவண அறையிலிருந்து 'கிடைக்கவில்லை' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அதோடு கையைக் கழுவிவிட்டார்கள்.

விசாரணை முடிந்த அன்று மதியமே வேலை போய் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். யூனிஃபாரம் ஒரு பையில் இருந்தது. பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவள் குட்டி கைக்குழந்தை. அம்மாவும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான். போன வருடம் ஓய்வு பெறும்வரை அவள் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். தெரு அவருக்கு 'டபுள் டோஸ்' என்று ஒரு பட்டப்பெயர் கொடுத்தது. பிறத்தியார் விஷயத்தில் தெருவுக்குக் கற்பனை வளம் எப்போதும் ஜாஸ்தி.

காது போன அந்த மனிதர் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறார். பஸ் நிறுத்தத்துக்கு அந்தத் தெரு வழியாகப் போனால் நாலு நிமிடம். அப்பா இரண்டு தெரு சுற்றிக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் போவார். மழை கொட்டினாலும் அப்படித்தான்.

இப்போது அந்த ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை ஒரு கம்பெனி எடுத்திருக்கிறது. வேறு வேலை கிடைக்காமல் அதில் போய்ச் சேர்ந்தவர்கள் இவர் பெற்ற பெண்கள் இரண்டு பேர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூன்று மாதம் ஓடிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை.

அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டையில் அப்பாவின் மாத்திரை நேரங்களைப் பென்சிலால் மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் நேற்று ஒரு மாத்திரையைக் குறைத்திருந்தார். அம்மா எழுதும் ஏழுக்கு நடுவில் எப்போதும் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும். அம்மாவின் ஏழு பெல்ட் போட்டிருக்கிறது என்று சின்ன வயதில் பெரியவள் கேலி செய்வாள். ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாமல் மருந்து கொடுத்து யாராவது போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது என்று அம்மா பதில் சொல்வாள். அந்த வீட்டில் மருந்தளவைப் பற்றி யாரும் அதற்கு மேல் பேசமாட்டார்கள்.

"இன்னிக்குப் பாத்துச் சொல்றேம்பா" என்றாள் பெரியவள், டீயை நின்றுகொண்டே குடித்தபடி. "ஃபைல் நம்பர் நாலாயிரத்து நானூத்திப் பதினேழு தானே?"

"ஆமா. மருந்துத் தாள். பின்பக்கம்."

அவருக்கு நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகும். அந்த எண் மறக்காது.

"விடுங்களேன்" என்றாள் அம்மா, திரும்பாமலே. "ஆறின புண்ணக் கிளறி என்ன ஆகப்போகுது? கெடச்சா மட்டும் போன வேலை திரும்பி வரப்போகுதா?"

"வேலை யாருக்கு வேணும்?" அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கடிகாரக்காரர் கடைக்குப் போயி, அந்தத் தாளக் காட்டி, அவர் மூஞ்சிய ஒரு தடவ நேராப் பாக்கணும். அவ்வளவுதான்."

அம்மாவின் பென்சில் முனை முறிந்தது. அவள் டிராயரில் ஷார்ப்னர் தேட ஆரம்பித்தாள். குட்டி ஒரு செருப்பை மாட்டி இன்னொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு, "அக்கா, பஸ்ஸு!" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

ஆஸ்பத்திரியின் பழைய சலவைக் கூடத்தில்தான் ஸ்கேன் வேலை நடக்கிறது. சுவரில் வெள்ளை ஓடு, மேலே துருப்பிடித்த தண்ணீர்க் குழாய். துணி துவைத்த இடத்தில் இப்போது தாள் மூட்டை. ஒரு மூலையில் நாலு பேர் உட்கார்ந்து ஃபைல்களில் இருக்கும் பின்னையெல்லாம் பிடுங்கி டப்பாவில் போடுவார்கள். மடிந்த மூலைகளை விரலால் நிமிர்த்துவார்கள். அடுத்து ஸ்கேனர்கள். அங்கே குட்டி உட்கார்ந்திருப்பாள். தாளை அடுக்கி ட்ரேயில் வைத்தால் மெஷின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துத் துப்பும். திரையில் வரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் கொடுக்க வேண்டும்: சேர்க்கைச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, மருந்துத் தாள்.

கடைசியில் பெரியவள். சரிபார்ப்பு. பத்து ஃபைலுக்கு ஒன்றைத் திறந்து, படம் தெளிவாக இருக்கிறதா, எண் சரியா என்று பார்த்து, பெட்டியின் மேல் ஒட்டும் பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டி பின்வாசலுக்குப் போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்த் தாளைத் தூளாக நறுக்கிவிடும். அப்புறம் அந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் மிச்சம் இருப்பது திரையில் தெரிவது மட்டும்தான்.

காலையில் உட்கார்ந்ததும் பெரியவளுக்குக் கழுத்து வலித்தது. வலி தினமும் வருவதுதான், இன்று அவளுக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பெட்டி வந்திருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்க்கலாம் என நினைத்தவள், எதற்கும் இருக்கட்டுமென்று திரையில் எண்ணைத் தட்டினாள்.

4417.

ஃபைல் திறந்தது. ஏற்கெனவே ஸ்கேன் ஆகியிருந்தது, நேற்று மதியம். கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

நேற்று மதியம் அவள் அங்கே இல்லவே இல்லை. அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போக அரைநாள் லீவு போட்டிருந்தாள். போகும்போது பத்துப் பச்சைச் சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் குட்டியிடம் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் தன் கணக்கையும் மூடாமல் போயிருந்தாள். "ஒட்டிக்கோ, பெட்டி தேங்கிட்டா சூப்பர்வைசரு கத்துவாரு" என்று சொன்னதும் அவள்தான். எல்லாரும் செய்வதுதான். அன்று மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சேர்க்கைச் சீட்டு. எக்ஸ்ரே அறிக்கை. மருந்துத் தாள்: நீல மையில் டாக்டரின் கிறுக்கல், ஊசி ஒரு குப்பி. இந்தத் தாளைத்தான் விசாரணையில் எல்லாரும் பார்த்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

அடுத்தது உணவுச் சீட்டு.

திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மருந்துத் தாளுக்குப் பின்பக்கம் இல்லை. திரையின் அடியில், யாரும் படிக்காத அளவில், ஒரு வரி இருந்தது: வெற்றுப் பக்கம் நீக்கப்பட்டது: 19.

அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. எழுந்து குட்டியிடம் போனாள்.

"நேத்து 4417 வந்துச்சே, கவனிச்சியா?"

குட்டி ட்ரேயில் தாளை வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். முகம் மாறியது. "அய்யோ. அது நேத்தா? நான் நம்பரே பாக்கலக்கா. நூத்தி இருபது ஃபைல் முடிக்கணுமேன்னு கண்ண மூடிட்டுத் தள்ளிட்டிருந்தேன்."

"பின்பக்கம் இல்ல."

"வெத்தா இருந்திருக்கும். வெத்துப் பக்கத்த மெஷினே எடுத்துடும்ல?"

"எந்த அளவுல வச்சிருக்க?"

பெரியவள் குனிந்து திரையைப் பார்த்தாள். வெற்றுப் பக்கத்தை மெஷின் எவ்வளவு கடுமையாக நீக்க வேண்டும் என்பதற்கு ஒன்றிலிருந்து பத்து வரை அளவு உண்டு. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது இரண்டு. திரையில் எட்டு என்றிருந்தது.

"என்னடி இது?"

"ரெண்டுல வச்சா காபிக் கறை, பழுப்பு, அந்தப் பக்கத்து மை இந்தப் பக்கம் ஊறினது எல்லாத்தையும் பக்கம்னு எடுத்துக்குதுக்கா. அது ஒவ்வொண்ணுக்கும் நான் பேர் குடுக்கணும். எம்பது ஃபைல்கூட ஏற மாட்டேங்குது. இந்த மாசக் கடைசிலதான் என்னை நிரந்தரம் பண்றதாச் சொல்லியிருக்காங்க. உனக்குத் தெரியாதா?" குரல் உடைந்தது. "எட்டுல வச்சா சும்மா பறக்குது."

பெரியவள் அன்றைய அடுக்கிலிருந்து மருந்துத் தாள்களைப் புரட்டினாள். ஏழாவது தாளின் பின்பக்கத்தில் பென்சிலில் மூன்று வரி. 'போனில் சொன்னது' என்று ஆரம்பித்து மருந்து, நேரம், அடியில் 'கேட்டவர்', 'எழுதியவர்' என்று இரண்டு கையெழுத்து. அந்தக் காலத்து வார்டு வழக்கம் அது. டாக்டர் போனில் சொல்வதை ஒருவர் கேட்டுச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். டாக்டர் வந்து முன்பக்கத்தில் மையால் எழுதும்வரை அது பென்சிலில் பின்பக்கத்தில் காத்திருக்கும்.

அந்தத் தாளை எட்டில் ஓட்டினாள். முன்பக்கம் மட்டும் வந்தது. இரண்டில் ஓட்டினாள். பின்பக்கமும் வந்தது, மங்கலாக, ஆனால் படிக்கும்படி.

அக்காவும் தங்கையும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தன நாளா எட்டுல வச்சிருக்க?"

"நாலு வாரம்."

"போன லாரில?"

"நாப்பத்தொண்ணு போச்சு." குட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னிக்கு முப்பத்தெட்டு."

எழுபத்தொன்பது பெட்டியிலும் பச்சைச் சீட்டு. எல்லாச் சீட்டிலும் பெரியவளின் கையெழுத்து. பத்துக்கு ஒன்று என்று திறந்து பார்த்தவள் அவள்தான். படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தாளே ஒழிய, தாளுக்குப் பின்பக்கம் எங்கே போயிற்று என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

பின்வாசலில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டியைத் திரும்ப இறக்க வேண்டுமென்றால் சிவப்புச் சீட்டு எழுத வேண்டும். பெட்டி எண், காரணம், கையெழுத்து. மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குக் கூடத்தில் 'எண்ணிக்கை சார்' என்று பெயர். காலை வணக்கம் சொன்னால்கூட "எத்தனை முடிஞ்சுது?" என்றுதான் பதில் வரும்.

பெரியவள் சிவப்புச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குட்டி பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"லேபிள் மாறிப்போச்சுன்னு எழுதுக்கா. ஒரே ஒரு பெட்டி. அந்த ஃபைல் இருக்கற முந்நூத்தி எட்டாம் பெட்டி. எறக்கிடுவாங்க. அப்பா தாள ஸ்கேன் பண்ணிட்டு மறுபடி ஏத்திடலாம்."

"மத்த முப்பத்தேழு?"

"அது போகட்டும். போன தடவ நாப்பத்தொண்ணு போச்சே, வானமா இடிஞ்சு விழுந்துச்சு? யாருக்கா அந்தப் பின்பக்கத்தக் கேக்கப் போறாங்க?"

"அப்பா கேட்டாரே."

குட்டி மெதுவாகச் சொன்னாள்: "உண்மைய எழுதினா என் வேலை போயிரும். உன்னதும் போயிரும். அம்மா பென்ஷன வச்சுக்கிட்டு நாலு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அப்பாவே சொல்லுவாரு, லேபிள்னு எழுதுன்னு."

சொல்லுவார். அதில் பெரியவளுக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் சோற்றில் கைவைக்கிற எந்த நியாயமும் தனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லுவார்.

அவளுக்குத் தூக்கம் வந்தது. அந்த நேரத்தில், அந்த மேஜையில், அப்படியே தலையைச் சாய்த்துவிட்டால் போதுமென்று இருந்தது. யாரோ வந்து எழுதிவிட்டுப் போகட்டும். பேனாவைத் திறந்து காரணம் என்ற கட்டத்தில் 'லே' என்று எழுதினாள்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இப்படித்தான் இந்த ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் கழுத்து வலித்திருக்கும். அடுக்கடுக்காக ஃபைல் இருந்திருக்கும். மேலே ஏறித் தேட அலுப்பாக இருந்திருக்கும். கெட்டவராகவே இருக்க வேண்டியதில்லை. அவர் பேனாவை எடுத்து 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் இன்றுவரை மழையில் இரண்டு தெரு சுற்றிக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தேழு பெட்டியில் எத்தனை அப்பாக்கள் இருப்பார்கள்?

பெரியவள் 'லே'யை அடித்தாள். பெட்டி எண் என்ற இடத்தில் 'முப்பத்தெட்டும்' என்று எழுதினாள். காரணம்: 'பின்பக்கங்கள் ஸ்கேன் ஆகவில்லை. முன் லாரியில் போன நாற்பத்தொன்றிலும் இதே தவறு. சரிபார்க்காமல் கையெழுத்திட்டது நான்.'

"என் பேர எழுதலையே?" என்றாள் குட்டி.

"மெஷின்ல உன் பேரு இருக்கு. நான் எழுதித்தான் தெரியணுமா?"

குட்டி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். கழிவறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கித் தூக்கிப் பெரியவளின் இடுப்பு வலித்ததுண்டு. இன்று அதைவிட வலித்தது.

எண்ணிக்கை சார் சீட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவை படித்தார். கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பத்தொண்ணும் தூளா?"

"ஆமா சார்."

"திரும்ப எடுக்கவே முடியாது."

"முடியாது சார்."

"இத எழுதாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா." அதைத் திட்டாகச் சொன்னாரா, ஏக்கமாகச் சொன்னாரா என்று புரியவில்லை. "எனக்கும் ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு."

பின்வாசலுக்கு அவரே எழுந்து போனார். பதினோரு பெட்டி லாரியில் ஏறியிருந்தது. டிரைவர், "ஏத்தறதா எறக்கறதா, ஒரு முடிவுக்கு வாங்க சார்" என்று அலுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, வெற்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேசி முடித்ததும் பெரியவளிடம் திரும்பினார்.

"திங்கக்கிழமைலேருந்து நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம். கூப்பிடறப்ப வாங்க. விசாரணை இருக்கும்."

விசாரணை. அந்த வார்த்தை அவர்கள் வீட்டுக்கு இரண்டாம் முறையாக வருகிறது. பெரியவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

"இதுல உங்களுக்கு ஏதோ ஒரு ஃபைல் வேணும்னு கேள்விப்பட்டேன்" என்றார் அவர், எங்கேயோ பார்த்தபடி. "இங்க எதுவும் ரகசியம் இல்ல. அதத் தனியா எடுத்துட்டுப் போக முடியாது. ஆனா சரியா ஸ்கேன் ஆகணும் இல்லையா? என் முன்னாடி எடுங்க. ரெண்டு பக்கமும்."

முந்நூற்று எட்டாம் பெட்டி இறக்கிய குவியலின் அடியில் இருந்தது. பெரியவள் டேப்பைக் கிழித்து விரலால் எண்ணிக்கொண்டு போனாள். 4415, 4416, 4417. நைந்துபோன அட்டை. உள்ளே மருந்துத் தாள் எண்ணெய்க் காகிதம் மாதிரி பழுத்திருந்தது. திருப்பினாள்.

எழுத்து இருந்தது.

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது, அவ்வளவு மங்கல். ஆனால் இருந்தது. யாரோ தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டார்கள். கண் சிவந்து, முகம் கழுவின ஈரத்தோடு, குட்டி.

"குடு" என்றாள் குட்டி. "என் மெஷினு."

ட்ரேயைத் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். அளவை இரண்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தடவை யோசித்து, ஒன்றில் வைத்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே விட்டாள். திரையில் முன்பக்கம் வந்தது. அப்புறம் பின்பக்கம். குட்டி அதைப் பெரிதாக்கிக் கறுப்பைக் கூட்டினாள். மூன்று பேரும் படித்தார்கள்.

'டாக்டர் போனில் சொன்னது. காலை 7.17. ஊசி இரண்டு குப்பி. இரண்டு முறை கேட்டு உறுதி செய்தது.'

"பாத்தியா!" குட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்பா சொன்னது அத்தனையும் நெசம்கா! டபுள் டோஸு, டபுள் டோஸுன்னு எத்தன பேரு... அப்பாக்குப் போன் பண்ணு. இப்பவே பண்ணு."

எண்ணிக்கை சார் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். போகிற வழியில் குட்டியின் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

பெரியவளுக்கும் அழ வேண்டும் போலத்தான் இருந்தது. இருபத்தாறு வருடம் வீட்டுக்குள் கிடந்த ஒரு பாரத்தை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி இருந்தது. இன்று சாயங்காலம் அப்பா கடைத்தெரு வழியாகவே பஸ் நிறுத்தத்துக்குப் போகலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியைப் படித்தாள்.

'கேட்டவர்' என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. வால் நீண்டு சுழித்த அதே கையெழுத்து. அவளுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் எல்லாம் இருக்கும்.

'எழுதியவர்' என்ற இடத்தில் வெறும் இரண்டு எழுத்து, யாரோ கட்டைவிரலால் தேய்த்த மாதிரி கலைந்து கிடந்தது. படிக்க முடியவில்லை.

ஆனால் அப்பா எழுதி வைத்தேன் என்றுதானே சொன்னார்? விசாரணையிலும் அதைத்தான் சொன்னார். இன்னொருவர் பக்கத்தில் நின்றார் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே?

பெரியவள் மறுபடி மேலே போனாள். காலை 7.17. திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தாள்.

இரண்டு ஏழுக்கும் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருந்தது.

கூடத்தின் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப் போயிற்று. அது அப்பா எழுதியதில்லை. அந்தக் காலையில், அந்த வார்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் கையில் பென்சிலோடு அம்மா நின்றிருக்கிறாள். டாக்டர் போன் செய்தது அவளுக்குத் தெரியும். இரண்டு குப்பி என்று அப்பா திருப்பிச் சொன்னதைக் கேட்டு, தன் கையால் எழுதியிருக்கிறாள். அப்புறம் விசாரணை நடந்தது. அப்புறம் இருபத்தாறு வருடம் நடந்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

"என்னக்கா, போன் பண்ணலையா?" என்றாள் குட்டி.

பெரியவள் பின்வாசலுக்குப் போய், இறக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தது அம்மாதான்.

"அப்பாவக் கூப்பிடட்டுமா? காலைலேருந்து வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துட்டிருக்காரு."

"வேண்டாம்மா" என்றாள் பெரியவள். "உங்கிட்டதான் பேசணும்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"பின்பக்கத்தப் பாத்துட்டியா?" என்றாள் அம்மா.